வேகத்துக்குத் திசை உண்டா

என் மகள் ஜெனிற்றாவுக்கு,

நீ உள்ளே இருக்கிறாய். நான் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன். உன் போன் என் மடியில் கிடக்கிறது. உன் றஃப் கொப்பியில்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அதற்கு மேலே சத்தம் வைப்பேன், கடைசியில் எதற்காகத் தொடங்கினோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இருபத்தொரு வயதுக் குமரியிடம் ஒரு தாய் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதோடு, கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் நான் இங்கே விசர் பிடித்து எழும்பி ஓடிவிடுவேன்.

காலையில் கேற்றடியில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். நம் ஊர் தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் டவுன் வரைக்கும் என் ஸ்கூட்டியில் ஒரு சொல்லும் பேசாமல் வந்தவள் நீ, அங்கே வந்து நின்றுவிட்டாய். என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் சில்லென்று இருந்தன. "அம்மா, வேகத்துக்குத் திசை இருக்கோ, இல்லையோ? டக்கெண்டு சொல்லுங்கோ" என்றாய். நானும் டக்கென்று சொன்னேன். நீ தலையாட்டிவிட்டுப் போய்விட்டாய். பொலிஸ்காரர் கேற்றைச் சாத்திய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. நான் என்ன சொன்னேன்? இருக்கு என்றேனா, இல்லை என்றேனா? மாதா அறிய எனக்கு ஞாபகம் இல்லை.

இது மூன்றாம் தரம். கம்பசுக்குப் போவதென்றால் உயர்தரச் சோதனையை மூன்று தரம்தான் எழுதலாம், அதற்குப் பிறகு கதவு சாத்தினது சாத்தினதுதான். கணிதமும் இரசாயனமும் நல்லாய்ச் செய்ததாகச் சொன்னாய். மிச்சம் இந்தப் பௌதிகம். காலையில் ஒரு பேப்பர், பின்னேரம் ஒரு பேப்பர். பொறியியல்தான் படிப்பேன் என்று நீ இத்தனை வருஷம் பிடித்த பிடி முழுக்க இன்றைக்கு ஒரு நாளில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட நாளில், உள்ளே போகிற பிள்ளையின் காதில் கடைசியாக விழுந்தது என் வாய்ச்சொல். அது பிழையான சொல் என்றால் நான் என்ன செய்வேன் பிள்ளை?

உலகத்தில் எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு பயம் வராது. மற்றவர்கள் பிள்ளை சாப்பிட்டதா, பேனை எழுதுமா என்று கவலைப்படுவார்கள். நான் ஒரு சொல்லுக்குப் பயந்துகொண்டு இருக்கிறேன். எனக்குப் பத்து வயதில், சண்டைக்குத் தப்பி, என் அப்பா எங்களை வள்ளத்தில் ஏற்றி அந்தக் கரையில், இந்தியாவில், கொண்டுபோய் இறக்கினார். அகதி முகாமில் இருந்துகொண்டுதான் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். கல்யாணமும் அங்கே, நீ பிறந்ததும் அங்கே. நீ அங்கே ஒன்பதாம் வகுப்பு முடித்த பிறகுதான் ஊருக்கு வந்தோம். ஆக, எனக்கும் உனக்கும் பௌதிகம் வந்தது அந்தத் தமிழில். பௌதிகம் என்றுகூட அங்கே சொல்வதில்லை, இயற்பியல். அங்கே வேகம் என்றால் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பது மட்டும்தான், எந்தப் பக்கம் என்ற கதையே இல்லை. பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல அவர்களிடம் திசைவேகம் என்று தனிச்சொல் இருக்கிறது. இங்கே வேகம் என்றாலே திசையும் அதற்குள் அடக்கம். திசை இல்லாததற்கு இங்கே பெயர் கதி. ஒரே சொல், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் இன்னொரு பொருள். இதை வைத்துக்கொண்டு மனிசர் எப்படிச் சோதனை எழுதுவது?

வந்த புதிதில் நீ பட்ட பாடு எனக்கு மறக்கவில்லை. விஞ்ஞான வகுப்பில் ரீச்சர் ஏதோ கேட்க, நீ எழும்பி "முடுக்கம்" என்றாயாம். முழு வகுப்பும் சிரித்ததாம். இங்கே அதற்கு ஆர்முடுகல் என்று பெயராம். வீட்டுக்கு வந்து புத்தகப் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, "ஆர்முடுகல், ஆர்முடுகல்" என்று யாரையோ தூஷணத்தில் ஏசுகிற மாதிரி கத்தினாய். உன் அப்பாவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வள்ளத்து இஞ்சின் இழுக்காவிட்டால் "இண்டைக்கு இவனுக்கு ஆர்முடுகல் காணாது" என்றுதான் சொல்லுவார். நீ அழுதுகொண்டே சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் உன்னை இந்தியாக்காரி என்று கூப்பிட்டவர்களை நான் போய்க் கேட்கப் போகிறேன் என்று கிளம்பியதும், நீ வாசலில் குறுக்கே நின்று, வந்தால் இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்றதும் அன்றைக்குத்தான். நீ செய்தது சரி. நான் போயிருந்தால் அது பெரிய சண்டையாகியிருக்கும்.

உயர்தரத்துக்கு வந்தபோது பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. வருகிறார், வருகிறார் என்று சொல்லிச் சொல்லி ஒரு தவணை போயிற்று. அதற்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற ஒரு சேரின் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தாய். நம் வீட்டில் அது லேசான காரியமா? கடற்கரைப் பக்கம் இருந்தால் பின்னேரத்தில் போன் சொல்லாமல் கொள்ளாமல் இந்தியாக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், நல்வரவு என்று ஒரு மெசேஜ் வரும், அத்தோடு சேர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோவார். "அம்மா, போன் திரும்ப இந்தியாவுக்குப் போட்டுது" என்று நீ கத்துவாய். ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் றோட்டுப் பக்கம் கருவாடு காயப்போடுகிற பரண் அடிதான். வருஷக்கணக்காக அந்த மணத்துக்குள் இருந்து நீ படித்தாய். நான் கருவாட்டில் மொய்த்த இலையானை விரட்டினேன், அதோடு ஆட்களையும் விரட்டினேன். கோன் அடித்துக்கொண்டு போன ஓட்டோக்காரனோடு சண்டை. திருநாள் காலத்தில் லவுட்ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி ஃபாதரிடமே போய் நின்றேன். பாவம் மனிசன், அந்தோனியார் பாட்டைப் பாதியில் நிற்பாட்டினார். என் சத்தத்துக்குப் பயந்து ஊரே அந்த நேரம் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது.

அந்தச் சத்தம்தான் ஒரு நாள் உன் மானத்தைக் கெடுத்தது. நான் பரணில் மீன் புரட்டிக்கொண்டிருந்தேன். போனில் சேர், வேகத்துக்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு என்று படிப்பித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் வகுப்புக்கே முதலாவது. "இந்த ஆள் பிள்ளைகளுக்குப் பிழையாச் சொல்லிக் குடுக்குது, வேகத்துக்கு ஏது திசை" என்று என் பாட்டுக்குச் சொன்னேன். நீ மைக்கை நிற்பாட்டியிருக்கவில்லை. மன்னார், யாழ்ப்பாணம், வவுனியா என்று அத்தனை பிள்ளைகளும் கேட்டார்கள்.  சேர் மரியாதையாக, "அம்மா, நீங்கள் சொல்லுறது கடலுக்கு அந்தப் பக்கம் சரி" என்றார். நல்ல மனிசன். நீ என்னோடு பேசாமல் திரிந்தாய், நானும் உன்னோடு பேசாமல் திரிந்தேன், அப்பா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சோறு போட்டார். அதற்குப் பிறகு இரகசியமாக உன் புத்தகத்தை எடுத்து நான் எல்லாச் சொல்லையும் புதிதாகப் பாடமாக்கினேன், தெரியுமா? பாடமாகியது. ஆனால் அவசரத்தில் எது வரும் என்று எனக்கே தெரியாது.

உனக்கும் அப்படித்தானே நடந்தது. முதல் தரம் எழுதியபோது, மேலே எறிந்த பந்தின் வேகத்துக்கு வரைபு கீறச் சொன்னார்கள். போகும்போது ஒரு பக்கம், விழும்போது மற்றப் பக்கம், ஆகவே கோடு நேராகச் சரிந்து பூச்சியத்துக்குக் கீழே போகவேண்டும். நீ கீழே வந்து மறுபடி மேலே ஏறுகிற மாதிரிக் கீறிவிட்டு வந்தாய். அந்தக் கரையில் அது சரி, இந்தக் கரையில் அது கதியின் வரைபு. அந்த ஒரு கேள்வி முழுக்க அதன் மேல்தான் நின்றது. வெளியே வந்து மற்றப் பிள்ளைகள் கதைப்பதைக் கேட்டபோதுதான் உனக்கு விளங்கியது.  பௌதிகம் போயிற்று. இரண்டாம் தரம் நல்லாய்த்தான் பாஸ் பண்ணினாய், ஆனால் பொறியியலுக்குக் கம்பஸ் கேட்கிற இசட் புள்ளி காணாது. "போதும் பிள்ளை, கிடைச்சதைப் படிப்பம்" என்று அப்பா சொன்னார். நீ பேசாமல் போய்ப் பரண் அடியில் இருந்து போனைத் திறந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு எழும்பிப் போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு அண்ணை நிற்கிறார், வெள்ளாங்குளத்து வயல்காரர், நெற்றி நிறைய விபூதி. மகனுடைய சோதனைக்காக டவுனில் சொந்தக்காரர் வீட்டில் வந்து நிற்கிறாராம். காலையில் நீ உள்ளே போகும்போது எனக்குப் பின்னாலேதான் நின்றிருக்கிறார். கேட்காமல் இருக்க முடியவில்லை. அண்ணை, நான் பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று உங்களுக்குக் கேட்டதா என்றேன்.

"வேகத்துக்குத் திசை இல்லை எண்டு சொன்னீங்கள் தங்கச்சி" என்றார். "ஏன், பிழையோ?"

 நேரே மதிலடிக்குப் போனேன். மண்டபத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. மேசைகளும் குனிந்த தலைகளும் தெரிந்தன, உன்னைத் தெரியவில்லை. என் குரல் உனக்குத் தெரியும். கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் அப்பாவுக்குக் கேட்கும். ஒரே ஒரு தரம், "திசை இருக்கு" என்று இரண்டு சொல். அவ்வளவுதான் வேண்டும். நான் வாயைத் திறந்துவிட்டேன் ஜெனிற்றா. மூச்சையும் இழுத்துவிட்டேன். அந்த அண்ணை ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றார். அவர் சத்தம் போடவில்லை, என்னைத் தொடவும் இல்லை. "தங்கச்சி, கத்தினா உங்கட பிள்ளையின்ர சோதனையை நிப்பாட்டிப் போடுவாங்கள். என்ர பொடியனும் அந்த அறையிலதான் இருக்கிறான்" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. உன்னைப் பெற்றபோதுகூட வாய்விட்டுக் கத்த முடிந்தது. அந்த அண்ணை கடையில் போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். செபமாலையைக் கையில் எடுத்தேன், பாதியில் செபமும் மறந்துபோயிற்று. பொலிஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இவளை எப்படி இங்கிருந்து அனுப்புவது என்று யோசிக்கிறார் போல.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு என் சொல்லால் உனக்கு ஒரு கேள்வி போயிருந்தால் என்னை ஏசு. நன்றாக ஏசு, வீட்டுக்குப் போகும் வரைக்கும் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து ஏசிக்கொண்டே வா, நான் ஒன்றும் திருப்பிச் சொல்லமாட்டேன். ஆனால் உன்னை நீ ஏசாதே. நீ மொக்கு இல்லை. மற்றப் பிள்ளைகள் ஒரு பாடத்தை ஒரு தரம் படித்தார்கள், நீ அதையே இரண்டு தமிழில் படித்தாய், இரண்டாவதைப் படிப்பதற்காக முதலாவதை மறக்கவும் பழகினாய். அது எவ்வளவு பெரிய வேலை என்று எந்தப் பேப்பரிலும் புள்ளி போடமாட்டார்கள். நாளைக்குக் கம்பசுக்குப் போனாலும், போகாமல் வேறு எங்கே போனாலும், புது இடத்தில் வாயைத் திறந்தவுடன் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ வாயை மூடிக்கொண்டு வந்துவிடாதே. இன்னொன்று, தெரியாததைக் கேட்க வெட்கப்படாதே, ஆனால் யாரிடம் கேட்கிறாய் என்று பார்த்துக் கேள். உன் அம்மாவிடம் கேற்றடியில் நின்று பௌதிகம் கேட்பதை மட்டும் இத்தோடு விட்டுவிடு.

மணி அடிக்கிறது. கேற்றைத் திறக்கிறார்கள். நான் எழும்பவில்லை.

இப்போது நீ பின்னேரப் பேப்பருக்கு உள்ளே போய்விட்டாய், மிச்சத்தை எழுதிவிடுகிறேன். நீ வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, புட்டையும் மீன் பொரியலையும் சாப்பிடத் தொடங்கினாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் புட்டு முடிந்த பிறகு நீயே சொன்னாய்.

"அம்மா, காலமை மாறிச் சொன்னனீங்கள்."

தெரியும் என்றேன்.  பிறகு நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"சரியாத்தான் எழுதினனான்" என்றாய். "எனக்கு ரெண்டும் கலங்கிப்போச்சு, எது எந்தப் பக்கம் எண்டு தெரியேல்ல. ஆனா உங்களிட்டக் கேட்டா நீங்கள் எப்பிடியும் அந்தக் கரைச் சொல்லைத்தான் சொல்லுவீங்கள் எண்டு தெரியும். நீங்கள் சொல்லுறதுக்கு மற்றது இங்க சரி. அதுக்குத்தான் கேட்டனான்."

 உனக்கு என் முன்னால் இருந்து சொல்ல முடிந்தது, எனக்கு முடியவில்லை, ஆகவே இதிலே எழுதுகிறேன். முதலில் கோபம் வந்தது, நான் இங்கே கதிரையில் இருந்து செத்துப் பிழைத்தேனே என்று. பிறகு அழுகை வந்தது. ஊருக்கு வந்து இத்தனை வருஷம், ஊர்ச் சொல் எல்லாம் பாடமாக்கி, ஊரோடு சண்டையும் பிடித்து, நான் முழுதாக வந்து சேர்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளுக்குள் நான் இன்னும் அந்தக் கரையில் நிற்கிறேன் என்பதை நீ கண்டுபிடித்து வைத்திருக்கிறாய். அது எனக்கு வலித்தது. ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்து உன் வழியை நீ பிடித்துக்கொண்டாய் அல்லவா, அந்தச் சந்தோசத்தில் வலி பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளாங்குளத்து அண்ணை கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார், அவருடைய மகனும் சேர்ந்து சிரித்தான்.

நீ கையைக் கழுவிவிட்டுக் கேற்றடிக்குப் போனாய். நானும் கூட வந்தேன். உள்ளே காலை வைக்கப் போனவள் சடாரென்று திரும்பி, "அம்மா, அழுத்தம் எண்டா தண்ணியோ, கரண்டோ? டக்கெண்டு" என்றாய். அழுத்தமும் அப்படி இரண்டு கரையிலும் இரண்டு பொருள் உள்ள சொல்தான். யோசித்தால் புத்தகத்தில் பாடமாக்கிய சொல் வந்துவிடும், வந்தால் நீ அதை மாற்றி எழுதிவிடுவாய். ஆகவே யோசிக்காமல், வாயில் முதல் வந்ததை அப்படியே சொன்னேன். "தண்ணி."

"அப்ப கரண்ட்" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய்.